மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடங்கள்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தம்பி போன் எடுத்து, "அண்ணை, நீங்கள் மருந்துக் கொம்பனியிலை கனகாலம் வேலை செய்தனீங்கள். இஞ்சை கனபேற்றை பிள்ளையள் இப்ப பார்மசி, கெமிஸ்ட்ரி எண்டு படிக்குதுகள். அவையளுக்கு ஒரு பத்து நிமிசம் கதையுங்கோவன்" என்று கேட்டார். நான் மேடையில் பேசிப் பழகாதவன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஒஸ்லோவை மருந்து செய்கிற நகரம் என்று நம்மவர் நினைப்பதில்லை. எண்ணெயும் மீனும்தான் நோர்வே என்று நினைப்பு. ஆனால் 1874 இலேயே மோர்ட்டன் நீகோர்ட் என்பவர் இங்கே ஒரு மருந்து வியாபாரம் தொடங்கினார். பிற்காலத்தில் நீக்கோமெட் என்று உலகம் அறிந்தது அதைத்தான். சுவீடனைச் சேர்ந்த தோர்ஸ்தென் அல்மேன் என்ற எக்ஸ்ரே வைத்தியர், இரத்தக் குழாய்க்குள் ஏற்றும் படமருந்து நோயாளிகளுக்குத் தாங்க முடியாத எரிவைக் கொடுப்பதைப் பார்த்து, அந்தக் கரைசலின் செறிவுதான் காரணம் என்று யோசித்தார். அந்த யோசனையைக் கையில் எடுத்தது இந்த ஒஸ்லோக் கம்பனி. 1982 இல் ஒம்னிபாக் சந்தைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சிரி படம் எடுக்கும்போது உடம்பெல்லாம் சூடாவதுபோல் ஒரு மருந்து ஏற்றுவார்களே, அந்த வகை. 1997 இல் அந்தக் கம்பனி இங்கிலாந்தின் அமெர்ஷாமுடன் சேர்ந்தது. 2004 இல் ஜெனரல் எலெக்ரிக் வாங்கியது. அதே 1997 இல் ஒஸ்லோவில் தொடங்கிய அல்கெத்தா, எலும்புக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியம் மருந்து செய்து 2013 இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அடுத்த வருடமே ஜேர்மனியின் பாயர் அதை வாங்கிவிட்டது. இங்கே மருந்துக் கம்பனி வளர்ந்தால் வெளிநாட்டுக்காரன் வாங்குவான். அது எழுதாத சட்டம்.

நான் வேலை செய்த கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பின்மார்க்கில் மீன் வெட்டிவிட்டு 1991 இல் ஒஸ்லோவுக்கு வந்தேன். அடுத்த வருடம் அந்தக் கம்பனியில் துப்புரவு வேலை, பிறகு பொதி செய்யும் மண்டபத்தில் விகார். அப்போது கம்பனி வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு சிப்ட் மூன்றாகியது, சனிக்கிழமையும் வேலை. வேலை பழக்க மூன்று கிழமை என்றிருந்தது ஒரு கிழமையாகியது. எங்களுக்கு அது சந்தோசம். மேலதிக நேரக் காசு ஊருக்குப் போகும்.

உள்ளே போவதே ஒரு சடங்கு. ஒரு வாங்கு இருக்கும். அதன் இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். இருந்தபடியே காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத்தான் செருப்பு மாற்ற வேண்டும். நகை கூடாது, மணிக்கூடு கூடாது, பூச்சுப் பவுடர் கூடாது. நம்முடைய பெண்கள் தாலியைக் கழற்ற முதலில் அழுதார்கள். ஒரு அக்கா தாலியை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவா. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் நெற்றித் திருநீற்றைக் கழுவ வேண்டும். கடவுளிலை கோபமில்லை, தூளிலைதான் கோபம் என்று நாங்களே சிரிப்போம்.

அந்த வேலையின் முதல் பாடம் இதுதான்: எழுதாதது செய்யாதது. எத்தனை லேபல் எடுத்தோம், எத்தனை ஒட்டினோம், எத்தனை கிழிந்தது, எத்தனை திருப்பிக் கொடுத்தோம், எல்லாம் கூட்டினால் கணக்கு நேராக வரவேண்டும். ஒரு தொகுதி முடிந்து அடுத்தது தொடங்க முதல், பழைய லேபல் ஒன்றுகூட அந்த லைனில் கிடக்கக் கூடாது.

1996 மார்கழி, ஒரு வெள்ளி இரவு. ஒரே மருந்து, இரண்டு அளவு. குறைந்த அளவை முடித்துவிட்டு, கூடிய அளவைத் தொடங்கி அதையும் முடித்தாயிற்று. கணக்குப் பார்த்தால் முதல் தொகுதியின் லேபலில் மூன்று குறைகிறது. பதினொன்றரைக்குக் கடைசி பஸ். எனக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை, மூன்று மாத ஒப்பந்தம். குறைகிறது என்று எழுதினால் எல்லாம் நிற்கும், எல்லோரும் நிற்க வேண்டும், "அந்த விகார்தான்" என்பார்கள். கிழிந்தவை என்ற பெட்டியில் நாலு என்று இருந்ததை ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தும் நித்திரை இல்லை. அப்போது வடக்குக்கு மருந்து போவதற்கு எத்தனை கட்டுப்பாடு என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் பிரஷர்க் குளிசை யாரோ ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுபோனால்தான் உண்டு. அவ எழுத்தைப் பார்த்து விழுங்குகிற ஆள் இல்லை, பெட்டியை நம்பி விழுங்குகிற ஆள். லேபல் மாறி ஒட்டினால் விழுங்குகிறவருக்குத் தெரியவா போகிறது?

சனி காலை ஆறு மணிக்குப் போய் சிப்ட் பொறுப்பாளரிடம் சொன்னேன். என் நோர்வேஜிய மொழி அப்போது அரைகுறை. "நான் பொய் எழுதினேன்" என்ற வசனத்தை பஸ்ஸில் வரும்போதே பாடமாக்கிக்கொண்டு போனேன். அந்த மனிசன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு தொகுதியும் களஞ்சியத்தில்தான் இருந்தன, வெளியே போகவில்லை. திங்கட்கிழமை முழுக்கப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு லேபல் உருளைக்கு அடியில் ஒட்டிக் கிடந்தன. மூன்றாவது, கூடிய அளவு மருந்துப் போத்தல் ஒன்றில் ஒட்டியிருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி, ஒரு வயதான பெண், எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. நான் சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான். சந்தாக் காசு வீண் என்று மனைவியிடம் சொன்னவன் நான். அவ கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒரு கிழமை பழக்கிய ஆளிடம் இரண்டு தொகுதியை இரவில் விட்டது யார்?" தொழிற்சாலை முகாமையாளர் கடைசியில் எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்தார். பொய் எழுதியதற்கு. திரும்பி வந்ததற்கு நன்றி என்று கையும் தந்தார். வேலை பழக்கும் காலம் மூன்று கிழமையாகத் திரும்பியது. ஒப்பந்தம் முடியும்போது என்னை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கும் அது எனக்கு முழுதாக விளங்கவில்லை.

இந்தக் கதையை என் பிள்ளைகளுக்கே போன வருடம்தான் சொன்னேன். சொல்ல வைத்தது காஞ்சிபுரம். 2025 செப்ரெம்பர், ஒக்ரோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் இருமல் பாணி குடித்து, சிறுநீரகம் பழுதாகிச் செத்தார்கள். அது செய்யப்பட்டது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு அதில் 48 வீதத்துக்கும் மேல் இருந்தது. அங்கே போத்தலில் நிரப்பியவர்களும் நம்மைப்போலச் சம்பளத்துக்கு நின்ற தமிழ்ச் சனம்தான். அவர்களில் யாராவது ஒருவர் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு கதவு அங்கே இருந்ததா என்றுதான் நான் யோசித்தேன். இங்கே 2007 முதல், வேலைத்தலத்தில் நடக்கும் பிழையைச் சொல்பவனைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 1996 இல் எனக்கு அது இல்லை. அந்த மனிசியின் கதிரைதான் இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து வருட வேலை அனுபவத்தைக் காட்டிச் சோதனை எழுதலாம் என்ற "பாராகிராப் 20" வழியில் பாக்பிரேவ் எடுத்தேன். பிறகு கம்பனி கைமாறியது. ஒரு புதன்கிழமை சாப்பாட்டு அறையில் கேக் வைத்திருந்தார்கள், மேலே புதுப் பெயர். நம்மவர் ஒருவர், "காரணமில்லாமல் கேக் வந்தால் பயப்படு" என்றார். ஆறு மாதத்தில் பொதி மண்டபத்தில் பாதி வேறு நாட்டுக்குப் போனது. பிந்தி வந்தவர்கள் முதலில் போனார்கள். தாலியைப் பையில் வைத்த அந்த அக்காவும் போனா. எனக்கு வேலை மிஞ்சியது, அவவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. 2020 இல் நான் ஓய்வு பெற்றபோதும் ஒரு கேக் வைத்தார்கள்.

பிள்ளைகள் யாராவது கோடைகால வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதாக இருந்தால், நான் தேநீர் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். வந்து கதையுங்கோ.