சுளுக்கு என்று அனுப்பிவிட்டேன்

போன எபிசோடில் பேசின பிரஷர் மாத்திரை விஷயத்தை இன்னைக்குத் தொடரல. நான் தவறவிட்ட ஒரு நோயாளியைப் பத்திப் பேசறேன்.

வயசு 34, லோடு ஆட்டோ ஓட்டறவர். சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது. "இடதுபக்கப் பிடரியில் மூணு நாளா வலி சார். இந்த மாதிரி வலி எனக்கு வந்ததே இல்லை"ன்னார். சுளுக்குன்னு நினைச்சு, மாத்திரையும் தைலமும் எழுதி அனுப்பிட்டேன். ரெண்டாம் நாள் காலையில் அவங்க வீட்டுக்காரம்மா ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. வாந்தி, தலைசுத்தல், குரல் கரகரப்பு. தண்ணி குடிச்சா புரையேறுது. நடந்தா இடதுபக்கமா சாயறார்.

பக்கவாதம். 34 வயசில்!

மூளைக்கு நாலு ரத்தக்குழாய் போகுது. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. பின்னாடி இருக்கறது கழுத்தெலும்பில் இருக்கிற ஓட்டைகள் வழியா ஏறி, மண்டைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வளைஞ்சு திரும்புது. கழுத்தைத் திருப்பும்போது அதிகமா இழுபடற இடமும் அதுதான். குழாயின் உள்சுவர் கிழிஞ்சா ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்துடும். கோட்டு உள்துணி பிரிஞ்சா கை தப்பான பக்கம் நுழையுமே, அந்த மாதிரி. அங்கே ரத்தம் உறைஞ்சு, ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைச்சுக்கும். ஆக, வலி முதல்ல, பக்கவாதம் சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு. அந்த இடைவெளியில்தான் அவர் என் முன்னாடி உட்கார்ந்திருந்தார்.

கேட்டப்ப, சலூன்ல முடிவெட்டிட்டு நெட்டி எடுத்துக்கிட்டதாச் சொன்னார். வலிக்கு முன்னாடியா பின்னாடியான்னு அவருக்கே நினைவில்லை. வலி இருந்ததாலயே நெட்டி எடுக்கப் போயிருக்கலாம், அதனால பழியை அந்தக் கடைக்காரர் தலையில் போட எனக்கு மனசில்லை. ஆனா கழுத்தைப் படக்குன்னு திருப்பறதை நான் வேண்டாம்னுதான் சொல்வேன். பார்லர் பேசின்ல தலையைப் பின்னாடி சாய்ச்சுக் கழுவினவங்களுக்கு இப்படி ஆனதை 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்காங்க. கிரிக்கெட் பார்க்கறவங்களுக்கு 2014-ல் ஃபில் ஹியூஸ் ஞாபகம் இருக்கும். பந்து கழுத்தில் பட்டுக் கிழிஞ்சது இந்தப் பின்குழாய்தான். அவருக்கு அடைப்பு இல்லை, மூளையைச் சுத்தி ரத்தக்கசிவு. பலருக்கு பெரிய காரணமே இருக்காது. பலமான இருமல், பாரம் தூக்கினது, அவ்வளவுதான்.

வாழ்க்கையில் வராத மாதிரி கழுத்து வலி ஒரு பக்கம் வந்து, கூடவே இமை இறங்கினாலோ, ஒரு கண்மணி சின்னதானாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளினாலோ, படுத்து எழுந்தா சரியாகிடும்னு இருக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு. நல்ல சேதியும் உண்டு. கிழிசல் பெரும்பாலும் சில மாசத்தில் தானா ஆறும். அதுவரைக்கும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையோ, ரத்தம் உறையாம இருக்க மருந்தோ கொடுப்போம். 250 பேரை வெச்சு 2015-ல் வெளியான ஆய்வில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. மறுபடி பக்கவாதம் வந்தவங்களும் ரொம்பக் கம்மி.

அவர் இப்போ வண்டி ஓட்டறார். குரல் மட்டும் முழுசாத் திரும்பல. "வந்ததே இல்லை"ன்னு அவர் சொன்னதை அன்னைக்கு நான் சீட்டில் எழுதவே இல்லை. இப்போ கழுத்து வலின்னு யார் வந்தாலும் அதைத்தான் முதல்ல கேட்கறேன், எழுந்து நாலடி நடக்கச் சொல்லிப் பார்க்கறேன்.