ஹம்பியில சேலை நெய்தவங்க எங்க இருந்தாங்க?

இந்த எபிசோட்ல டெக் எதுவும் கிடையாது. கெஸ்ட்டும் இல்ல. போன டிசம்பர்ல அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரையும் கூட்டிக்கிட்டு ஒரு டூர் போயிட்டு வந்தேன். அதைப் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

எங்க ஊர் தேவிகாபுரம். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணிக்குப் பக்கத்துல. நீங்க கடையில ‘ஆரணி பட்டு’ன்னு வாங்குற சேலை எங்க ஊர்த் தறியில நெய்ததா இருக்கலாம். அப்பா 35 வருஷமா குழித்தறியில உட்கார்ந்தவர். எனக்கு நினைவு தெரிஞ்சு நாங்க குடும்பமா ஊர் சுத்திப் பார்க்கப் போனதே இல்ல. கல்யாணம், காதுகுத்து, திருவண்ணாமலை தீபம், அவ்வளவுதான். ஏன்னா தறி நின்னா கூலி நின்னுடும். எனக்கு கம்பெனியில வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோட லீவுன்னு இருக்கு. அப்பாவுக்கு ‘லீவு’ன்னா வரும்படி இல்லாத நாள்.

அதனால ஒவ்வொரு வருஷமும் நான் கேட்பேன், அவர் "பாவு பாதியில இருக்குப்பா"ன்னு சொல்வார். போன டிசம்பர்ல கேட்டதும் "சரி, போலாம்"ன்னுட்டார். நான்தான் பேசிப் பேசி சம்மதிக்க வெச்சுட்டேன்னு எனக்கு ஒரே பெருமை. உடனே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். எத்தனை மணிக்கு எந்த கோயில், எங்க சாப்பாடு, எங்க ரெஸ்ட் எடுக்கணும், எல்லாமே அதுல இருந்துச்சு. சிரிக்காதீங்க.

அவங்க மூணு பேரும் ஆரணி, வேலூர் வழியா பஸ் மாறி பெங்களூர் வந்தாங்க. ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறி காலையில ஹோஸ்பேட்ல இறங்கினோம்.

ஹம்பி எப்படி இருந்ததுன்னு நான் சொல்லணுமா? போகாதவங்க ஒரு 50 ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க, அதுல இருக்கிற கல் தேர் விட்டல கோயில்ல இருக்கு. பேட்டரி வண்டியில கொண்டுபோய் விடுறாங்க. இசைத் தூண்களைத் தட்டக் கூடாதுன்னு காவலுக்கு ஆள் நிற்கிறாங்க. தங்கச்சி போட்டோவா எடுத்துத் தள்ளினா. அம்மா விருபாட்சர் கோயில்ல மட்டும்தான் மனசார நின்னாங்க, அங்கதான் இன்னும் பூஜை நடக்குது. மத்த இடத்துல "சாமியே இல்லாத கோயில்ல என்னத்தடா கும்புடுறது?"ன்னு கேட்டாங்க.

அப்பா ரொம்ப பேசல. மெதுவா நடந்தார். குழியில காலைத் தொங்கவிட்டு மிதி மிதிச்சே பழகின காலு, பாறையிலயும் படியிலயும் ஏறி இறங்கக் கஷ்டப்பட்டுச்சு. என் ஸ்ப்ரெட்ஷீட் முதல் நாள் மத்தியானமே படுத்துடுச்சு.

கைடு நல்லா பேசினார். 1520 வாக்குல டோமிங்கோ பயஸ்னு ஒரு போர்ச்சுக்கீசியர் இங்க வந்திருக்கார். இந்த ஊர் ரோம் அளவுக்குப் பெருசு, கடைத்தெருவுல மாணிக்கம், வைரம், முத்து, துணி எல்லாம் விக்குதுன்னு எழுதி வெச்சிருக்கார். கைடு இதைச் சொல்லி, ராணி குளிச்ச இடம், ராஜா தசரா பார்த்த மேடைன்னு ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே வந்தார். அப்ப அப்பா என் சட்டையைப் புடிச்சு இழுத்து, "இத்தினி பெரிய ஊருன்றாரு. துணி வித்துதுன்றாரு. நெய்றவன் எங்கடா இருந்தான்? கேளு"ன்னார்.

கேட்டேன். கைடு ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் கைய நீட்டி வாழைத்தோட்டத்துப் பக்கம் பொதுவா காட்டிட்டு, அடுத்து தாமரை மஹால் பார்க்கலாம்னார்.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் கல் போட்டாங்க, அது நிக்குது. சாதாரண ஜனங்க வீடு மண்ணும் கூரையும். 1565-ல தலைக்கோட்டைப் போர்ல தோத்ததும் ராஜ குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போயிடுச்சு. பிறகு சந்திரகிரி, வேலூர். ஆமா, நாங்க பஸ் மாறுற அதே வேலூர். தலைநகரம் காலியாச்சு. ரொம்ப காலம் கழிச்சு அந்தக் கடைவீதி மண்டபங்கள்ல ஜனங்க வீடும் கடையும் வெச்சுக் குடியிருந்தாங்க, பாரம்பரியச் சின்னத்தைக் காப்பாத்தணும்னு 2011-ல அவங்களையும் அங்கிருந்து அப்புறப்படுத்திட்டாங்க. இப்ப தெரு சுத்தமா இருக்கு. போட்டோவுக்கு அருமையான இடம்.

மூணாவது நாள் பாதாமிக்கு கார்ல கிளம்பினோம். வழியில ஒரு போர்டைப் பார்த்துட்டு தங்கச்சி "இல்கல்"னு படிச்சா. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்கல் சேலையா? நிறுத்தச் சொல்லு." டிரைவர் விசாரிச்சு ஒரு சந்துக்குள்ள கூட்டிட்டுப் போனார். அந்தச் சந்துல விசைத்தறி சத்தம்தான் ஜாஸ்தி. ஒரு வீட்டுத் திண்ணைக்கு உள்ள மட்டும் குழித்தறி. அதுல அப்பா வயசுல ஒருத்தர்.

இல்கல் சேலையில உடல் ஒரு நிறம், முந்தி பெரும்பாலும் சிவப்புப் பட்டு. எங்க ஊர்ப் பக்கம் இப்படி முந்தி நிறம் மாறினா, உடல் பாவு இழையும் முந்திப் பாவு இழையும் ஒவ்வொண்ணா முறுக்கி இணைப்பாங்க. ஆயிரக்கணக்கான இழை, உயிர் போற வேலை. இல்கல்ல என்ன பண்றாங்கன்னா, உடல் பாவோட முனை வளையங்களையும் முந்திப் பாவோட வளையங்களையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துடறாங்க. அதனால ஒரு பாவுக்கு ஒரு சேலைதான் வரும். அடுத்ததுக்கு மறுபடி முதல்ல இருந்து.

அப்பா செருப்பைக் கழட்டிட்டு தறி பக்கத்துல உட்கார்ந்துட்டார். "இன்னா வேலைப்பாடு பாருடா. வளையம் வளையமா மாட்டிக்கினு இருக்கார்." அந்தப் பெரியவர் இவர் விரலைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டார். நெசவாளியான்னு சைகையில கேட்டார். அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் மொழிபெயர்ப்பு. பெங்களூர்ல ஆட்டோக்காரர்கிட்ட பேசுற அளவு கன்னடம்தான் எனக்குத் தெரியும். அச்சு, நாடா, பாவுக்கெல்லாம் எனக்குக் கன்னடம் தெரியாது. அவங்களுக்கு அது தேவையும் படல, தொட்டுக் காட்டியே பேசிக்கிட்டாங்க. எத்தனை நாள்ல ஒரு சேலை, கூலி எவ்வளவுங்கிறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாங்க.

பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க தறியில இப்ப என்ன ஓடுது?" நான் அப்பாகிட்ட கேட்டேன்.

அப்பா என்னைப் பார்க்காம, தறியைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "ஒண்ணும் ஓடலன்னு சொல்லு. ரெண்டு மாசமா பாவு வரல."

எனக்குப் புரிய ஒரு செகண்ட் ஆச்சு. அப்பாவுக்குப் பட்டும் ஜரிகையும் குடுத்து நெய்யச் சொல்றது முதலாளி. பாவு வரலன்னா வேலை இல்ல. நான் வாரா வாரம் போன் பண்றேன். "தறி எப்படிப்பா போகுது?"ன்னு கேட்டா "போகுது"ன்னுதான் சொல்லியிருக்கார். அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு முந்தானையைத் திருகிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியும். டூருக்கு அவர் ஏன் உடனே சரின்னார்னு அந்தத் திண்ணையில வெச்சுத்தான் எனக்கு விளங்குச்சு.

அதை நான் கன்னடத்துல சொல்லணும். சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டினார். "மகன் சாஃப்ட்வேரா?"ன்னு என்னைக் காட்டிக் கேட்டார். அப்பா சிரிச்சார். அவங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல, மறுபடி வளையத்துக்குப் போயிட்டாங்க. அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினோம். அப்பா பேரம் பேசல.

பாதாமி போனோம். ‘சிவகாமியின் சபதம்’ படிச்சவங்களுக்கு அது வாதாபி, நரசிம்மவர்ம பல்லவன் 642-ல புடிச்ச ஊர். குடைவரை, ஏரி, குரங்கு எல்லாம் பார்த்தோம். எனக்கு எதுவும் மனசுல நிக்கல.

ஊர் திரும்பினோம். வழக்கமா அவங்களை பஸ் ஏத்திட்டு பெங்களூர்லயே நின்னுடுவேன், இந்தத் தடவை நானும் போனேன். மறுநாள் அம்மா பெரியநாயகி அம்மன் கோயிலுக்கு வரச் சொன்னாங்க. சின்ன வயசுல நாங்க ஓடிப்பிடிச்சு விளையாடின கோயில். அதுவும் விஜயநகரக் காலத்துல கட்டினதுதான். தூண்ல யாளியும் குதிரையும் இருக்கு. நான் போனை எடுத்து ஹம்பி போட்டோவோட வெச்சுப் பார்த்தேன். அதே குடும்பத்துச் சிற்பம்தான். இங்க டிக்கெட் இல்ல. ரெண்டு பேர் தூண்ல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தாங்க. விஜயநகரக் கல்வெட்டுகள்ல தறிக்குப் போட்ட வரியைப் பத்தி வரும்னு எங்கேயோ படிச்சதை அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப தறி இருந்திருக்கு. வரி போடற அளவுக்கு ஓடியிருக்கு"ன்னார்.

கோயில்ல இருந்து தெரு வழியா நடந்து வந்தோம். நான் ஸ்கூல் படிக்கும்போது காலையில எங்க தெருவுல ஏறக்குறைய எல்லா வீட்டுலயும் தறிச் சத்தம் கேக்கும், பாவு நீட்டினா சைக்கிள்ல போக முடியாது. அன்னைக்கு எண்ணிக்கிட்டே வந்தேன். 6 வீடு. மிச்ச வீட்டுல எல்லாம் என்னை மாதிரி ஒருத்தன் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கான். ஹம்பியில நெய்றவங்க எங்க போனாங்கன்னு கைடுகிட்ட கேட்டோமே, எங்க தெருவுல நெய்றவங்க எங்க போனாங்கன்னு யாராவது கேட்டா என் பெங்களூர் அட்ரஸைத்தான் குடுக்கணும்.

பணம் அனுப்புறேன்னு அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "பணம் இருக்குடா. வேலைதான் இல்ல"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. பாவு வந்துடுச்சாம், சாதா ரகம், கூலி குறைச்சல். ஆனா இல்கல் சேலையை இன்னும் அவங்களைக் கட்ட விடலையாம். அதைத் திருப்பிப் போட்டு, முந்தி சேர்ற இடத்தை லென்ஸ் வெச்சு வெச்சு பார்த்துக்கிட்டு இருக்காராம். "பொங்கலுக்காவது கட்டலாம்னு பார்த்தேன், தரல. நீயே உங்கப்பாகிட்ட சொல்லு"ன்னாங்க. நான் சொல்லல.