கைபட்டுப் பிறந்த நாதம்



சுசீந்திரம் தாணுமாலயப் பெருமானின் மார்கழித் திருவிழாவிலே கூடியிருக்கின்றோம். அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைக் காணாமல் எவரும் வீடு திரும்புவதில்லை. ஒரே கல்லில் குடைந்தெடுத்த சிறு தூண்கள் தொகுதி தொகுதியாக நிற்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒலியைத் தருகின்றது. ஊமைக் கல்லை நாதமாக்கியது எது? உளியின் கூர்மை மட்டுமன்று. ஒவ்வோர் அடிக்கும் காது கொடுத்துக் கேட்ட சிற்பியின் பொறுமை.

ஆனாய நாயனாரை நினைத்துப் பாருங்கள். அவர் குழலிலே திருவைந்தெழுத்தை ஊதினார் என்பதோடு சேக்கிழார் பெருமான் நிறுத்தவில்லை. மூங்கிலை நுனியிலும் அடியிலும் அளவறிந்து அரிந்து, விரலளவு கணக்கிட்டுத் துளையிட்ட முறையையும் பாடுகின்றார். ஏன்? இறைவனுக்குரிய கருவியைச் செய்வதும் வழிபாடே என்பதற்காக அன்றோ!

அந்த வழிபாடு இன்றும் நடக்கின்றது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையிலே, பழைய வீடுகளில் உத்தரமாயிருந்து பதப்பட்ட ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து நாகசுரம் செய்கின்றார்கள். அதற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்னாளில் நாகசுரத்திலே சுத்த மத்திமம் செவ்வையாக ஒலிப்பது அரிதாயிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளை ஏற்று, இரங்கநாதன் ஆசாரி அக்குறை தீர்ந்த பாரி நாகசுரத்தைச் செய்தளித்தார். வாசிப்பவன் மூச்சும் செய்பவன் கையும் ஒன்றையொன்று அறிந்ததால் விளைந்த பேறு அது!

ஆயின் ஒன்று கேட்கின்றேன். விசையை அழுத்தினால் மணியும் முரசும் தாமே முழங்கும் மின்சார மேளம் இன்று பல கோயில்களில் வந்துவிட்டது. வருவாயற்ற சிறு கோயிலிலே அதுவும் இல்லையேல் தீபாராதனை மௌனமாக நடக்கும். ஆதலால் அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் அது விடியலில் பூபாளமும் இரவில் நீலாம்பரியும் வாசிக்குமா? சுவாமி புறப்பாட்டிலே நடை தளர்ந்தால், தானும் தளர்ந்து உடன் வருமா? வசதியுள்ள கோயிலும் அதனோடு அமைந்துவிட்டால், வாசிப்பவர் குடும்பம் வேறு தொழில் தேடும். வாசிப்பவர் இல்லையேல் ஆசாரியின் கடைசல் பட்டறை ஓயும். பட்டறை ஓய்ந்தபின், பொன் கொட்டினும் அக்கைப்பழக்கம் மீளாது.

ஆகவே அன்பர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கணக்கெழுதும்போது வாணவேடிக்கைக்கு முன்னே நாயனத்திற்கும் தவிலுக்கும் எழுதுங்கள். வாசிக்க வந்தவரை அமரச்செய்து, உணவளித்து, நின்று கேளுங்கள். கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கல்லிலும் மரத்திலும் மறைந்திருக்கும் நாதம் அவனே. அதனை வெளிப்படுத்தும் கைகளைக் காப்பது நம் திருத்தொண்டு.

திருச்சிற்றம்பலம்.