கர்ப்பப்பையில் கட்டியா? கலங்க வேண்டாம், கவனம் வேண்டும்
(மகளிர் நலக் கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

அன்புச் சகோதரிகளே, அவர்களை அழைத்து வந்திருக்கும் உம்மாமார்களே, மாமிமார்களே!

மூன்றாம் மாத ஸ்கேன் எடுத்த தங்கை ஒருவர் அழுதுகொண்டே என்னிடம் வந்தார். ரிப்போர்ட்டில் 'ஃபைப்ராய்டு' என்று இருந்தது. கூட வந்த மாமியார், "புற்றுநோயா டாக்டரம்மா? பிள்ளையைக் கலைக்கணுமா?" என்று கேட்டார். இரண்டுக்கும் 'இல்லை' என்பதே என் பதில்.

ஃபைப்ராய்டு, கர்ப்பப்பைத் தசையில் வளரும் கட்டி. அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலோருக்குக் கர்ப்பகாலத்தில் எந்தத் தொல்லையும் தராது. சிலருக்கு மட்டும் கட்டிக்கு இரத்த ஓட்டம் போதாமல், வயிற்றில் ஓரிடத்தில் கடுமையாக வலிக்கும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வும் பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதும். கடையில் வேறு வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பெரிய கட்டி கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் பிள்ளையின் தலை இறங்காமல் சிசேரியன் தேவைப்படலாம். "அப்படியே கட்டியையும் எடுத்துவிடுங்கள்" என்பார்கள். அந்த நேரத்தில் கர்ப்பப்பைக்கு இரத்த ஓட்டம் மிக அதிகம். கட்டியில் கைவைத்தால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அதனால் பொதுவாக விட்டுவிடுவோம். பிரசவத்திற்குப் பின் பல கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். கட்டி இருந்தால், பிரசவமானதும் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் இரத்தம் அதிகம் போகலாம். ஆகவே இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சாப்பிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, "நாற்பது நாள் இரத்தம் போவது வழக்கம்தானே" என்று பலர் வாய் திறப்பதில்லை. வழக்கமான போக்கு நாளுக்கு நாள் குறையும், நிறமும் வெளுக்கும். ஒரு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, இரத்தம் பெரிய பெரிய கட்டியாக விழுந்தாலோ, தலைசுற்றினாலோ அது வழக்கமல்ல. உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும், அவர் கடையடைத்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு துர்நாற்றம் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்றிரவே வீட்டு ஆண்களிடமும் சொல்லிவையுங்கள். நேரம் வரும்போது வண்டி பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.