கஞ்சிக்கோட்டில் மனை வாங்க விரும்புவோர்க்கு

வடநாட்டிலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்டு, கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காட்டுக்கு ரயிலில் செல்லும் நம்மவர், வாளையாற்றைக் கடந்ததும் சன்னலோரம் வந்து நிற்பது வழக்கம். ஒருபுறம் மலையும் காடும், மறுபுறம் தொழிற்சாலைக் கூரைகள், இடையிடையே பனைகள். அதுவே கஞ்சிக்கோடு. 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். இன்றும் கடைத்தெருவில் தமிழ் பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம். ஆதலால், ‘பிறந்த மண்ணுக்கு அருகே பத்து சென்ட் வாங்கிப் போட்டால் என்ன?’ என்னும் எண்ணம் நம்மவர் பலர்க்கு இங்கே எழுகிறது.

அவ்வெண்ணம் அண்மையில் வலுப்பெற்றதற்குக் காரணம் உண்டு. 2015-இல் பாலக்காட்டுக்கு வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கஞ்சிக்கோட்டுக்கு அருகிலேயே அமைந்துள்ளது. 2024 ஆகஸ்டு 28 அன்று, கொச்சி–பெங்களூர்த் தொழில் வழித்தடத்தைச் சேர்ந்ததாக, பாலக்காட்டில் 1,710 ஏக்கர் பரப்பில் தொழில் நகரம் ஒன்றை அமைக்க மைய அமைச்சரவை இசைவளித்தது. மதிப்பீடு 3,806 கோடி ரூபாய். அச்செய்தி வந்த நாள்முதல் தரகர்களின் தொலைபேசி ஓய்ந்ததில்லை.

நானும் அத்தொலைபேசிக்குச் செவிசாய்த்தவனே. மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். சொற்களை எடைபோட்டே சம்பளம் வாங்குகிறவன். எனினும் ஒரு சொல்லால் ஏமாந்தேன். அச்சொல் ‘நிலம்’.

சித்திரை மாதத்தில் ஓர் இடத்தைத் தரகர் ஒருவர் காட்டினார். தரை காய்ந்து இறுகியிருந்தது. வரிசையாகத் தென்னங்கன்றுகள் நின்றன. கர ரசீதின் நகலையும் கொடுத்தார். அதில் இடத்தின் தரம் என்ற கட்டத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தது. நிலத்தை நிலம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்கள் என்று எண்ணி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்பணமும் கொடுத்துவிட்டேன். பிறகுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் விளக்கினார்: “சாரே, இங்கே நிலம் என்றால் நெல் விளையும் வயல். வீடு கட்டும் இடத்தைப் புரயிடம் என்று எழுதுவார்கள்.” கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பிற்று, அதுவும் எட்டு மாதம் நடந்த பிறகு.

கேரளத்தில் இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. நெல்வயல்களையும் நீர்ப்பிடிப்பு நிலங்களையும் காப்பதற்கென்று 2008-இல் இயற்றிய சட்டம் ஒன்று அம்மாநிலத்தில் உண்டு. ஒவ்வோர் ஊராட்சியிலும் வயல்கள் இன்னின்ன என்று குறித்த ‘டேட்டா பாங்க்’ என்னும் பதிவேடு இருக்கிறது. அதில் ஏறிய வயலில் மண் அடித்தாலும் தென்னை நட்டாலும் அது வயலே. அதிலிருந்து நீக்கம் பெற ஒரு விண்ணப்பம் உண்டு. பதிவேட்டில் ஏறாமல் வருவாய்க் கணக்கில் மட்டும் ‘நிலம்’ என்றிருப்பதை மாற்ற வேறொரு விண்ணப்பம் உண்டு. இரண்டும் வருவாய்த் துறை அலுவலருக்குச் செல்வன. வீடு கட்டுவோர்க்கு விலக்கு உண்டென்று தரகர் சொல்லலாம். அவ்விலக்கு எல்லார்க்கும் கிட்டுவதன்று. அனுமதி எழுத்தில் விற்பவர் கைக்கு வந்தபின் பேரம் பேசுவதே முறை.

‘நிலம்’ போன்றதே ‘பட்டயம்’. தமிழ்நாட்டில் பட்டா என்பது நிலமுடையோர் யாவர்க்கும் தாசில்தார் வழங்கும் வருவாய்ச் சான்று. கேரளத்தில் பட்டயம் என்பது அரசு பதித்துக் கொடுத்த நிலத்துக்கோ, நிலத் தீர்ப்பாயத்தின் வழியாகக் குத்தகைதாரர் பெற்ற உரிமைக்கோ உரிய ஆவணம். எல்லா இடத்துக்கும் அது இராது. இருக்கும் இடத்தில் நிபந்தனைகளோடு இருக்கும். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பக்கம் வாங்க நினைப்போர் இதை இருமுறை ஓதிக்கொள்ள வேண்டும். அங்கே 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி வழங்கிய பட்டயங்கள் பயிர்செய்யவும் வீடு கட்டவும் தந்தவை. விடுதியும் கடையும் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2023-இல் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் அதனாலேயே. தேவிகுளம் தாலூகாவில் அதிகாரமின்றி 1999-இல் வழங்கப்பட்ட ஏறத்தாழ 530 பட்டயங்களை ரத்துசெய்ய 2022 சனவரியில் அரசு ஆணையிட்டது. முத்திரையும் கையொப்பமும் உள்ள தாள்கள்தாம் அவையும்!

மீண்டும் கஞ்சிக்கோட்டுக்கு வருவோம். இது பழைய மலபார்ப் பகுதியாதலின் ஜன்மம், காணம், வெறும்பாட்டம் என்னும் சொற்கள் பழைய ஆதாரங்களில் தென்படும். (கிரயப் பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பர். அதற்கு முந்தியது முன்னாதாரம்.) ஜன்மி நிலத்தின் உடையவர். மற்ற இருவகையினரும் அவரிடம் பாத்தியம் பெற்றவர்கள். நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1970 சனவரி 1 அன்று ஜன்மிகளின் உரிமை அரசைச் சேர்ந்தது. பயிரிட்டவர்கள் நிலத் தீர்ப்பாயத்தில் கிரயச் சான்று பெற்று முழு உரிமையாளர் ஆயினர். ஆகவே விற்பவரின் முன்னாதாரம் காணம் அல்லது பாட்டத்தில் தொடங்குமாயின், ‘கிரயச் சான்று எங்கே?’ என்று கேளுங்கள். மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தனியார் காடுகள் 1971 மே 10 அன்று அரசுடைமையாயின. அக்காட்டின் ஓரத்துத் துண்டுகளை விற்பவர்களும் இருக்கிறார்கள். யானை வரும் தடம் என்பது வேறு தொல்லை. வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே இருப்புப் பாதையில் யானைகள் அடிபட்டு மாண்ட செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

அலுவலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லங்கச் சான்று சார்பதிவாளரிடம். தண்டப்பேர்க் கணக்கும் கைவசச் சான்றும் இடத்தின் வரைபடமும் வில்லேஜ் ஆபீஸில். கஞ்சிக்கோடு புதுச்சேரி ஊராட்சியைச் சேர்ந்தது. அரவிந்தர் ஆசிரமம் இருக்கும் புதுச்சேரியன்று! கிரயம் முடிந்தபின் ‘போக்குவரவு’ செய்து கரத்தை உங்கள் பெயரில் கட்டத் தொடங்க வேண்டும். கரம் கட்டிய ரசீது மட்டுமே உரிமை ஆகிவிடாது என்பதையும் மறவாதீர்கள். அளவுகள் ஆர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 10 சென்ட் என்பது 4.05 ஆர், அதாவது 4,356 சதுர அடி. ‘எந்தெ பூமி’ என்ற பெயரில் கேரள அரசு 2024-இல் தொடங்கிய இணையவழி பதிவு, வருவாய், நில அளவை ஆகிய மூன்று துறைகளையும் ஒன்றாக இணைப்பது. தொலைவில் இருப்போர்க்கு அது பெருந்துணை.

தொழில் நகரம் வருமிடத்துக்கு ஒட்டியே வாங்கினால் ஆதாயம் என்பார்கள். ஒட்டி வாங்குவதற்கும் உள்ளே வாங்குவதற்கும் இடையே ஒரு வரப்புத்தான். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி முதல் அறிவிக்கை வெளியானபின் அந்த நிலத்தில் கொள்வினை கொடுப்பினை கூடாது. புல எண்ணை அறிவிக்கையோடு ஒப்பிடாமல் கையொப்பமிடுதல் தகாது. மனைப்பிரிவில் வாங்குவோர், பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டரை மிஞ்சுமாயின், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேட்கலாம். அதைக் கேட்டதும் சில தரகர்களின் முகம் மாறுவது காணத்தக்க காட்சி.

இனிக் கணக்கு. பத்து லட்சத்துக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக ஒரு லட்சம் உடனே போய்விடும். மொத்தம் 11 லட்சம். அதே பணம் 7 விழுக்காடு வட்டியில் பத்தாண்டு கிடந்தால் ஏறக்குறைய 21½ லட்சமாகும். மனை பத்தாண்டில் அவ்விலைக்குப் போனால்தான் வட்டிக்கு ஈடு. அதற்குமேல் கிடைப்பதே ஆதாயம். மகள் திருமணத்துக்கென்றோ மகன் படிப்புக்கென்றோ வைத்த பணத்தை மண்ணில் முடக்கலாகாது என்பது என் துணிபு. வேண்டிய மாதத்தில் மனை விலைபோகாது. போனால் பாதி விலைக்குப் போகும்.

வெளி மாநிலத்தில் இருப்பவர்க்கு வேறொரு சோதனை, அதிகாரப் பத்திரம். ‘நீங்கள் அங்கிருந்தே பவர் எழுதி அனுப்பினால் போதும், அலையவேண்டாம்’ என்று உறவினரும் சொல்வார், தரகரும் சொல்வார். உங்கள் சார்பில் ஆவணத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டிய பவர், நீங்கள் குடியிருக்கும் ஊர்ப் பதிவாளர் முன்னிலையில் எழுதி அவர் சான்றளித்ததாக இருத்தல் வேண்டும். அதை ஒரு குறிப்பிட்ட கிரயத்துக்கு மட்டும் எழுதுங்கள். விற்கும் உரிமையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியோர் உண்டு. மாறாக, விற்பவரே ‘பதிவு வேண்டாம், பவர் தருகிறேன்’ என்றால் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். பவர் மட்டும் உரிமையை மாற்றாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இருபதாயிரத்துக்குக் குறையாத தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, சான்றில்லாத ரொக்கத்தைத் திரும்பக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை எட்டு மாதம் நடந்த என்னிடம் கேளுங்கள்.

வாங்கிய பின்னும் பாராமல் விடலாகாது. பிறர் 12 ஆண்டுகள் தமதென்று வெளிப்படையாக அனுபவித்துவந்தால் உடையவனின் வழக்கு காலாவதியாகிவிடக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சென்று எல்லைக் கற்களை எண்ணிப் பாருங்கள். ஊரில் இருக்கும் அண்ணனோ அத்தையோ பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கும் பாரம்.

இடம் பார்க்கக் கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது நம்மவர் வழக்கம், பள்ளி விடுமுறை அப்போதுதானே. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆனி, ஆடியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் முன்பணம் கொடுத்த இடத்தை அதன்பின் ஓர் ஆடி மாதத்தில் ரயிலிலிருந்தே கண்டேன். தென்னங்கன்றுகள் முழங்கால் நீரில் நின்றன. ஒரு கொக்கு அவற்றினிடையே நடந்துகொண்டிருந்தது.