விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்தாம் நாள் இரவு காய்ச்சல். வீட்டாருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். விடியற்காலையில் எழும்ப முடியவில்லை. இரத்தத்தில் கிருமி கலந்திருந்தது. மறுபடியும் வார்ட்டில் 12 நாட்கள்.

கீமோ ஏற்றி 7 முதல் 14 நாட்களில் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்துவிடும். கிருமி தொற்றினாலும் சீழ் கட்டாது. பல வேளை காய்ச்சல் மட்டுமே அடையாளம். பனடோல் அதையும் மறைத்துவிடும். வெப்பமானி 38 பாகை செல்சியஸ் காட்டினால் நடுச்சாமமானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். “கீமோ எடுக்கிறேன்” என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றத் தொடங்குவதே முறை.

திரும்பவும் வார்ட்டுக்குப் போவது தோல்வியல்ல. எங்கள் தோழி தேறி, மிச்சக் கீமோவையும் முடித்தாள்.

முழங்கால் உரிஞ்சாலும் சொல்லாமல் ஓடி முடித்த பிள்ளைகள் நாங்கள். இந்த ஒரு விடயத்தில் அந்தப் பழக்கத்தை விடுவோம். சுகமில்லாத தோழியிடம், “எந்தச் சாமத்திலும் எடு” என்று எங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வைப்போம்.