நோய் வந்த வீட்டுக்கு யார் துணை?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கைக்காசு, கொழுந்து நிறுவை, வீட்டுக்காணி என்று காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். எனக்குத் தந்திருக்கும் விடயம் வேறு. தாயோ தகப்பனோ பெரிய வருத்தத்தில் விழுந்துவிட்டால், அந்தக் குடும்பம் செலவுக்கு எங்கே போவது? இந்தக் கேள்வி இல்லாத லயம் எதுவும் இன்று இல்லை.

"அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, பிறகென்ன செலவு?" என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். உண்மைதான். டாக்டருக்கும் கட்டிலுக்கும் ஒப்பரேசனுக்கும் நாம் காசு கட்டுவதில்லை. இந்த நாட்டுச் சாதாரண மக்கள் பெற்ற பெரிய உரிமை அது, அதை நாம் விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆனால் மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே த்ரீவீலர் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து நுவரெலியாவுக்கோ, கண்டிக்கோ, பதுளைக்கோ பஸ். மகரகமவுக்கு எழுதிக் கொடுத்தால் முதல்நாள் இரவே கிளம்ப வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். இரண்டு பேருக்கும் சாப்பாடு. சில இரத்தப் பரிசோதனையை வெளியில் செய்து வரச் சொல்வார்கள். சில மருந்து அங்கே முடிந்துவிட்டது என்று துண்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடப் போகிறவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்தே பாருங்கள். மாதத்தில் ஆறு நாள் கிளினிக்குக்குப் போனால் 8100 ரூபா கையில் வராது. காசு செலவாகும் மாதத்திலேயே சம்பளமும் குறைகிறது. அப்போதுதான் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்து வாரக் கடன்காரன் வாசலுக்கு வருகிறான். அதற்கும் அடுத்ததாக, படிக்கிற பெண்பிள்ளை அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள்.

கடனைக் காட்டி நம் முன்னோரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நோயின் பேரால் அதே கட்டு திரும்பவும் நம் கழுத்துக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

அண்மையில் ஒரு மகள் காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய தாய் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், இப்போது புற்றுநோய். உதவி கேட்டு நோட்டீஸ் அடித்து டவுனில் உண்டியல் குலுக்கப் போகிறோம், அதற்குச் சங்கத்தின் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்.

"தங்கச்சி, அம்மாவுக்குச் சர்வீஸ் காசு வந்திருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லண்ணே. ஆபீசுல பொறகு வாங்கன்னாங்க."

"ஈ.பி.எஃப்.?"

"கார்டுல ஒரு பேரு, ஐடென்டிட்டில ஒரு பேரு. அத சரி பண்ணிட்டு வரச் சொல்லி ஒன்றர வருசமாச்சு."

தோழர்களே, இந்தக் கணக்கைக் கவனமாகக் கேளுங்கள். 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். கடைசியாக எடுத்த சம்பளம்தான் கணக்கு. 1350 ரூபாவின்படி ஒரு வருடத்துக்கு 18,900 ரூபா. முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கு ஏற்ப மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஐந்தரை இலட்சத்துக்கு மேல் வரவேண்டிய ஒரு தாய்க்காக, அவர் பெற்ற பிள்ளை பஸ் தரிப்பிடத்தில் உண்டியலோடு நிற்கப் போகிறாள்!

நோட்டீசுக்குக் கடிதம் கொடுக்கவில்லை. தொழில் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதினோம். பெயர் விடயத்துக்குப் பிறப்புச் சான்றிதழையும் சத்தியக் கடதாசியையும் சேர்த்தோம். காசு வந்தது. ஆனால் அதற்குள் பஸ் காசு இல்லாமல் இரண்டு கிளினிக் தவறிவிட்டது. அடகு வைத்த நகையும் மூழ்கிவிட்டது. உரிமையாக வரவேண்டிய காசு நேரத்துக்கு வராவிட்டால் நடப்பது இதுதான்.

ஆகவே நோய் வந்த வீட்டுக்குப் போகும்போது, ஹோர்லிக்ஸ் போத்தலோடு மட்டும் போகாதீர்கள். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். இவற்றை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது, சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8ம், முதலாளி பக்கத்திலிருந்து 12ம் அதில் சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்ந்தால் எடுக்கலாம். அந்த வயது வருமுன்பே நிரந்தரமாக வேலை செய்ய முடியாதபடி நோய் ஆக்கிவிட்டால், வைத்தியச் சான்றுடன் அப்போதும் கேட்கலாம். இன்னும் பேரில் இருக்கிறவர் என்றால், பத்து வருடச் சந்தாவும் கணக்கில் மூன்று இலட்சமும் இருக்கும்போது நூற்றுக்கு 30 வரை வைத்தியத் தேவைக்காக முற்கூட்டியே எடுக்க வழி உண்டு.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம். முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 கட்டுவது. வேலையில் இருக்கும் அங்கத்தவருக்கு இருதய ஒப்பரேசன், சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைப்பது போன்றவற்றுக்கு அதில் உதவி இருக்கிறது. ஆகவே நோய் என்றதும் அவசரப்பட்டுப் பேரை வெட்டிக்கொள்ள வேண்டாம். வேலையை விடும் கடிதத்தில் கைநாட்டு வைக்குமுன் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவது, ஜனாதிபதி நிதியம். முன்பு இதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஒப்பரேசன் திகதி கிடைத்த உடனே விண்ணப்பியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயன் குறைவு.

நான்காவது, நலன்புரிக் கொடுப்பனவுகள். குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதம் 7500 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவானது. முதியோருக்கானது 3000இலிருந்து 5000 ஆனது. கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் பாருங்கள். "தோட்டத்து ஆட்களுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

இன்னொன்று. கிளினிக்கில் வாய் திறந்து கேட்கப் பழக வேண்டும். "டாக்டர், இந்த மருந்து இங்கே எப்ப வரும்? இதுக்குப் பதிலா இங்க இருக்கிற மருந்து எழுதலாமா? மகரகமவுக்குப் பதிலா கண்டியிலோ பதுளையிலோ கிளினிக் போட முடியுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அந்த இரண்டு இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரு பஸ் பயணம் குறைந்தாலும் ஒருநாள் பேர் மிஞ்சும். சிங்களம் தெரியாத காரணத்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறார்கள் நம் பெரியவர்கள். சிங்களம் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கூடப் போவதுதான் பெரிய தொண்டு.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கும் பாரம் எப்போதும் ஒரு மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோதான் விழுகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், தீபாவளிக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போய்விடுகிறார். கண்ணீர் பஸ்ஸுக்கு டிக்கட் ஆகாது. பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் உட்காருங்கள். யார் மாதம் எவ்வளவு தருவது, யார் எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று கொப்பியில் எழுதுங்கள். காசு தர முடியாதவர் நாளைத் தரட்டும். செலவையும் அதிலேயே எழுதுங்கள். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சந்தேகம் வராது.

நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தொழிலாளியின் வைத்தியத் தேவையில் தோட்டத்துக்குக் கடமை உண்டு என்று 1912ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதினான். இன்று சில தோட்டங்களில், இராத்திரி நேரத்தில் வயதானவருக்கு வருத்தம் கூடி வாகனம் கேட்டால், "அவருக்கு இப்ப பேர் இல்லையே" என்கிறார்கள். நாற்பது வருடம் அந்த மலையில் நடந்த காலுக்கு, கடைசியில் ஒரு லொறி கிடையாதா? ஓய்வுபெற்றவருக்கும் அவசர வாகனம் என்பதை அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் நாம் சேர்க்கிறோம். உங்கள் தோட்டத்தில் மறுக்கப்பட்ட ஒவ்வொரு தடவையையும் திகதியோடும் நேரத்தோடும் எழுதி அனுப்புங்கள். மேசையில் வைக்க அதுதான் நமக்கு ஆயுதம்.

நோட்டீஸ் அடித்து உதவி கேட்பதை நான் குறை சொல்ல வரவில்லை. லயத்தில் அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அரிசி போவது நம்முடைய பழக்கம், அது என்றைக்கும் இருக்கட்டும். ஆனால் உரிமையாக வரவேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, மிச்சத்துக்குத்தான் உண்டியல். நம் தாய் தகப்பன் உழைத்து வைத்த காசு ஏதோ ஒரு பைலில் கிடக்க, அவர்களுடைய படத்தை ஊர் ஊராகக் காட்டும் நிலைமை வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் மூன்று வேலை முடித்திருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் நீண்டநாள் நோயாளர் எத்தனை பேர் என்று பட்டியல் எடுங்கள். சர்வீஸ் காசோ சேமலாப நிதியோ வராமல் இருப்பவர்களின் பெயரைத் தனியாகக் குறியுங்கள். அடையாள அட்டையிலும் சேமலாப நிதிக் கார்டிலும் பெயர் ஒன்றுதானா என்று எல்லோரும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வருத்தம் வந்த பிறகு திருத்துவதை விட, உடம்பில் தெம்பு இருக்கும்போது திருத்துவது இலேசு.

மரண வீட்டுக்குத் தோட்டமே திரண்டு வருகிறது. மரணாதாரச் சங்கம் பணம் கொடுக்கிறது. அந்த ஒற்றுமையை, மனிதர் மூச்சோடு இருக்கும்போதே, கட்டிலருகே கொண்டுவந்து வைப்போம்.